எலியின் சுவாசப்பையில் கண்டது என்ன?

என் உம்மாவுக்குச் சீனி வருத்தம். காலையிலும் அசருக்குப் பிறகும் தேத்தண்ணிக்கு ஒவ்வொரு இனிப்பு வில்லை போட்டுக் குடிப்பார். சென்ற நோன்புக்கு முன்னர் ராத்தாவின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது: வில்லையிலுள்ள அஸ்பார்டேம் புற்றுநோயைக் கொண்டுவருமாம். உம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "மகன், நீ படிச்ச புள்ளதானே, இது உண்மையா? நான் நிப்பாட்டவா?"

நான் படித்தது தமிழ் சிறப்புப் பட்டம். என்றாலும் செய்தியின் வேரைத் தேடிப் போனேன். போன இடத்தில், அச்சான ஆய்வொன்றில் நோயைத் தவறாக இனங்கண்டுவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது, சொன்னால் என்ன நடக்கும் என்ற ஒரு பெரிய கதை அகப்பட்டது.

இத்தாலியின் பொலோஞா நகரை அடுத்துள்ள ராமஸ்ஸினி நிறுவனம் 1800 எலிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தியது. சிலவற்றுக்கு வெறும் தீனி, மற்றவற்றுக்குப் பல அளவுகளில் அஸ்பார்டேம் கலந்த தீனி. வழமையாக இத்தகைய சோதனைகள் இரண்டு வருடத்தோடு முடியும். இவர்களோ எலிகள் தாமாகச் சாகும்வரை காத்திருந்தார்கள். அஸ்பார்டேம் தின்ற எலிகளில் நிணநீர்ப் புற்றும் வெண்குருதிப் புற்றும் கூடியதாக 2006இல் ஒரு சஞ்சிகையில் எழுதினார்கள்.

அதை மறுத்தவர்கள் கணக்கைவிட, கண் பார்த்ததைத்தான் முதலில் கேள்வி கேட்டார்கள். இழையத்தை மெல்லிய சீவலாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றினால் கலங்களின் கரு நீலமாகத் தெரியும். நிணநீர்ப் புற்று வந்த சுவாசப்பையில் நீலப் புள்ளிகள் குவிந்திருக்கும். ஆனால் எலிகளுக்கு வரும் மைக்கோபிளாஸ்மா என்ற பக்டீரியாத் தொற்றிலும் அதே இடத்தில் அதே நீலக் கலங்கள்தான் திரளும். அழற்சியென்றால் பலவகைக் கலங்கள் கலந்திருக்கும். புற்றென்றால் ஒரே சாயலில் பெருகி மற்ற உறுப்புகளுக்கும் பரவும். கேட்க இலகு. நாட்பட்ட தொற்றோடு கிழடாகிச் செத்த எலியில் இரண்டையும் பிரிப்பது இலகுவல்ல.

எனக்கு ஏட்டுச் சுவடிதான் ஞாபகம் வந்தது. பழைய ஏட்டில் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். பதிப்பாசிரியர் தாம் வாசித்ததை அச்சிடுவார். அது பிழையென்று சொல்பவர் அச்சுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாதாடலாம்? ஏட்டைப் பார்க்க வேண்டும். நோயியலில் ஏடு என்பது அந்தக் கண்ணாடித் தகடு.

2006இலேயே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை, அந்தக் கூடுதலை எலிகளின் சுவாசப்பை அழற்சியோடு சேர்த்துப் பார்த்து, அஸ்பார்டேமோடு தொடர்பில்லை என்றது. 2009இல் வெட்டரினரி பெதொலஜி சஞ்சிகையில் ஷோப் என்பவரும் சகாக்களும் மைக்கோபிளாஸ்மாவைப் பெயர் சொல்லியே எழுதினார்கள். எந்த உறுப்பு, எந்தக் கலம், வேறு என்னவாக இருக்கலாம் என்று குறித்துச் சொன்ன முறைப்பாடு அது. 'இவர்களை நம்பாதே' என்பது முறைப்பாடே அல்ல.

அதன் பிறகுதான் தகடுகள் வெளியே வந்தன, அதுவும் அஸ்பார்டேமுடையவை அல்ல. அதே நிறுவனத்தின் மெதனோல் ஆய்வுத் தகடுகளைப் பார்த்த அமெரிக்க அரச நோயியலாளர்கள் பல இடங்களில் உடன்படவில்லை. 2010இல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் நான்கு இரசாயனங்கள் பற்றிய மதிப்பீடுகளை நிறுத்திவைத்தது. பின்பு ஒரு நிபுணர் குழு கூடிப் பார்த்தது. மற்றப் பல கட்டிகளில் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள். நிணநீர்ப் புற்றிலும் வெண்குருதிப் புற்றிலும்தான் நிறுவனம் சொன்ன எண்ணிக்கை தேறவில்லை. ஆய்வு முழுக்கக் குப்பை என்று எவரும் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும்.

நிறுவனத்தாரும் சும்மா இருக்கவில்லை. கலத்தின் வகையைக் காட்டும் புதிய சாயமுறையால், கருவிலிருந்தே அஸ்பார்டேம் கொடுத்த தம் இரண்டாவது ஆய்வின் தகடுகளைத் திரும்பப் பார்த்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். 92.3 சதவீதம் புற்றுத்தான் என்றார்கள். ஆறு முன்பு தவறாகச் சொல்லப்பட்டவை. அவற்றில் மூன்று வெறும் அழற்சி என்று தாமே ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆறுக்காகவே எனக்கு அவர்கள்மேல் ஒரு மதிப்பு வந்தது. ஆனால் பார்த்தவர்கள் அவர்களேதான் என்பதும் நெருடுகிறது.

2023இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகவரகம் அஸ்பார்டேமைப் 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற 2பி வகுப்பில் போட்டது. சான்று மட்டானது என்றும் சொன்னது. உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழுவோ, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை.

உம்மா 50 கிலோ. டப்பாவில் ஒரு வில்லைக்கு 18 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. வரம்பைத் தொட ஒரு நாளைக்கு நூற்றுப் பத்துக்கு மேல் போட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். எலிக் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்த முதல் தகட்ட வேற ஆக்கள்ட்ட குடுத்துப் பாக்கச் சொல்லேலாதா?" என்றார்.