முடிச்சு சொல்லும் செய்தி

புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால், 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றது. மறு ஆண்டில் அங்குப் பணியேற்ற மருத்துவர் சாந்தா மயிலாப்பூரில் பிறந்தவர். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் புற்றுநோயைக் குணப்படுத்த இயலும் என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். மார்பகப் புற்றுநோயில் இவ்வுண்மையை நன்கு உணர்த்துபவை நிணநீர் முடிச்சுகளாகும்.

நுண்ணிய குருதி நாளங்களிலிருந்து கசியும் நீர்மத்தின் ஒரு பகுதி, நிணநீராக மெல்லிய நாளங்களில் சேர்ந்து மீண்டும் குருதியை அடைகிறது. வழியில் அவரை விதை வடிவிலான முடிச்சுகள் அதனை வடிகட்டுகின்றன. அவற்றிலுள்ள வெள்ளையணுக்கள் கிருமிகளை அழிக்கின்றன. மார்பகத்து நிணநீரில் ஏறத்தாழ முக்கால் பங்கு அக்குளிலுள்ள முடிச்சுகளையே சென்றடைகிறது.

மார்பகக் கட்டியிலிருந்து பிரியும் புற்றுநோய்ச் செல்களும் இவ்வழியே செல்கின்றன. அவற்றுள் சில முடிச்சில் அழிகின்றன. சில தப்பிப் பிழைத்து அங்கேயே பெருகுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஆல்ஸ்டெட், நோய் படிப்படியாகவே பரவும் எனக் கருதி, மார்பகத்துடன் மார்புத்தசையையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்தே அகற்றினார். புற்றுநோய்ச் செல்கள் குருதி வழியாகவும் எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றை அடையக்கூடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனவே, முடிச்சு நோயை முற்றிலும் தடுக்கும் மதில் அன்று. நோய் எவ்வளவு தொலைவு சென்றுள்ளது என்பதை அறிவிக்கும் சான்று. எத்தனை முடிச்சுகளில் நோய் உள்ளது என்பதைக் கருத்திற்கொண்டே மருத்துவர் நோயின் நிலையை வரையறுக்கின்றனர்.

கட்டியிலிருந்து வரும் நிணநீரை முதலில் பெறும் முடிச்சு 'காவல் முடிச்சு' எனப்படும். நீலச் சாயத்தையோ சிறிதளவு கதிரியக்கப் பொருளையோ செலுத்தி அதனைக் கண்டறிவர். அதில் நோய் இல்லையெனில், ஏனைய முடிச்சுகளைப் பெரும்பாலும் அகற்ற வேண்டுவதில்லை. அனைத்தையும் அகற்றினால், நிணநீர் வடிய வழியின்றிக் கை நிலையாக வீங்க நேரலாம். காவல் முடிச்சுச் சோதனை இத்துன்பத்தைக் குறைக்கிறது.

அக்குளில் தோன்றும் வீக்கமெல்லாம் புற்றுநோய் அன்று. கையில் ஏற்படும் புண்ணாலும் முடிச்சு வீங்கலாம். ஆயினும், மார்பகத்திலோ அக்குளிலோ தோன்றும் புதிய கட்டியை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தொடக்கநிலைக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியின்மையாலும் கூச்சத்தாலும் அதனைச் சொல்லாது மறைக்கும் பெண்கள் பலர். நோய் முடிச்சைக் கடக்குமுன் மருத்துவரை நாடும் துணிவை அவர்களுக்கு ஊட்டுவது குடும்பத்தார் அனைவரின் கடமையாகும்.