அழாமல் பிறந்த பிள்ளைக்கு எம்.ஆர்.ஐ. எதற்கு?

பிள்ளை பிறந்ததும் அழவில்லை, சில மணி நேரத்தில் ஃபிட்ஸும் வந்துவிட்டது என்றால், ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக் குடிபாலா பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதலில் நினைவுக்கு வருவது வேலூர்தான். திருப்பதியைவிட அது கிட்டம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் சித்தூர் வளாகமே குடிபாலா மண்டலத்தில் இருக்கிறது. இத்தகைய குழந்தைகளின் மூளைப் பாதிப்பை எம்.ஆர்.ஐ. கொண்டு அளந்த முக்கியமான ஆய்வு ஒன்றும் வேலூர் சி.எம்.சி.யில்தான் நடந்தது.

பிரசவத்தின்போது ஆக்சிஜனும் ரத்தமும் குறைந்தால் மூளைச் செல்கள் எல்லாம் உடனே சாவதில்லை. சற்றுத் தேறினாற்போல இருந்து, சில மணி நேரம் கழித்து மறுபடி சரியத் தொடங்கும். அதைத் தடுக்கத்தான் பிறந்த 6 மணி நேரத்துக்குள் குளிர்விப்பைத் தொடங்கி, குழந்தையின் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸ் அளவில் 72 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். வேலூரில் 2013 முதல் 2015 வரை 50 குழந்தைகளை இரு பிரிவாக்கி இதைச் சோதித்தார்கள். விலை உயர்ந்த இயந்திரம் கிடையாது. உருகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் அடைத்த மெத்தைதான். பிறகு 46 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்தபோது, நடுத்தர அல்லது கடுமையான பாதிப்பு குளிர்வித்த பிரிவில் 2 பேருக்கும் மற்றதில் 10 பேருக்கும் இருந்தது.

படத்தில் மருத்துவரின் கண் முதலில் தேடும் இடங்களில் ஒன்று, கை கால் அசைவுக்கான கட்டளை மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை. நிறைமாதக் குழந்தைக்கு அங்கே ஒரு சின்ன வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். அது மங்கி, பக்கத்திலுள்ள தலாமஸ் என்ற மூளைப் பகுதியும் அடிபட்டிருந்தால், பிள்ளை நடக்குமா என்ற கேள்வி எழுகிறது.

“இன்றைக்கே எடுங்கள்” என்று வீட்டார் அவசரப்படுவது இயல்பு. முதல் நாள் படம் பாதிப்பைக் குறைத்துக் காட்டிவிடலாம். ஒரு வாரம் கடந்தாலோ, டிஃப்யூஷன் என்ற வகைப் படம் சரியாகிவிட்டதுபோல ஏமாற்றும். பெரும்பாலும் நான்காம் நாளுக்கு மேல், ஒரு வாரத்துக்குள் எடுப்பதே உசிதம். கதிர்வீச்சு கிடையாது. மயக்க மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது. வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, இரைச்சல் கேட்காதபடி காதை மூடினால் தூங்கிவிடும். பாட்டி கட்டிய தாயத்தையும் அரைஞாணையும் மட்டும் கழற்றிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தத்துக்கு உறவு தெரியாது.

குளிர்விப்பு மீது வேலூர் ஆய்வு தந்த நம்பிக்கை அப்படியே நிலைக்கவில்லை. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 7 மருத்துவமனைகளின் 408 குழந்தைகளை வைத்து நடந்த ‘ஹெலிக்ஸ்’ ஆய்வு 2021-இல் வெளியானது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள். மற்றவர்களில் 31 சதவீதம். எம்.ஆர்.ஐ.யிலும் மூளைப் பாதிப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. நம் பகுதிக் குழந்தைகள் பலருக்குப் பிரசவ வலிக்கு முன்பே பாதிப்பு தொடங்கியிருக்கலாம் என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. 50 பேர் ஆய்வைவிட 408 பேர் ஆய்வுக்கே எடை கூடுதல் என்பது என் கணிப்பு. குளிர்விக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், ஏன் என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை.

படம் சுத்தமாக வந்தாலும் 18 மாதம் வரையாவது பரிசோதனைக்குப் போக வேண்டும்; காதையும் கண்ணையும் தனியே பார்க்க வேண்டும். பாதிப்பு தெரிந்தால் பிசியோதெரபியைத் தள்ளிப்போடக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஸ்கேன் சி.டி.யையும் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த மருத்துவர் அறிக்கையோடு நிற்காமல் படத்தையும் கேட்பார்.