டிராக்டரில் செல்போன் ஸ்டாண்டு: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

சேற்றுழவு நடக்கும்போது ஓட்டுநரின் சட்டைப் பையிலிருந்து செல்போன் நழுவினால், அது கேஜ் வீலுக்கு அடியில் போய்விடும். போன் போவது ஒரு நஷ்டம். அதைப் பிடிக்க ஓடும் டிராக்டரில் ஓட்டுநர் குனிந்தால் உயிருக்கே ஆபத்து. இன்று செல்போன் பேசுவதற்கு மட்டும் பயன்படுவதல்ல. வங்கிக் கணக்கு, உதவித் தொகைக்கு வரும் ரகசிய எண், உழவு வாடகைப் பாக்கி எல்லாம் அதில்தான் உள்ளன. தமிழக அரசு 2018-ல் தொடங்கிய உழவன் செயலியைப் பார்ப்பதும் அதில்தான். ஆகவே டிராக்டரில் போனைப் பத்திரமாக வைக்க ஒரு ஸ்டாண்டு வாங்க விரும்பும் விவசாயிகள் சில விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

கடைகளில் கிடைக்கும் ஸ்டாண்டுகளில் பல காருக்காகச் செய்யப்பட்டவை. காரில் இல்லாத அதிர்வு, தூசி, வெயில் மூன்றும் டிராக்டரில் உண்டு. விலையைப் பார்த்து வாங்குவதைவிட இந்த மூன்றையும் தாங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

தேவை உண்டா?

அழைப்பு வந்ததைத் தெரிந்துகொள்ள மட்டும் போன் வேண்டுமானால் ஸ்டாண்டே தேவையில்லை. மூடியுள்ள சிறு தகரப் பெட்டி ஒன்றை மட்கார்டில் போல்ட் போட்டு முடுக்கி, உள்ளே தடித்த ஸ்பாஞ்சு வைத்தால் போதும். செலவும் குறைவு.

உழுத பரப்பைச் செயலியில் அளப்பவர்களுக்குத்தான் திரை கண்ணில் படும்படி ஸ்டாண்டு தேவைப்படும். ஆனால் திறந்த வெளியிலும் செல்போன் காட்டும் இடம் சுமார் 16 அடி வரை முன்பின் இருக்கலாம். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் ஒரு பக்கம் சுமார் 209 அடி. இருபது சென்ட் நிலத்தின் பக்கமோ 93 அடிதான். எனவே சிறிய துண்டு நிலங்களுக்குச் செயலி காட்டும் அளவை மட்டும் நம்பி வாடகை பேசக் கூடாது. அது உத்தேச அளவுதான்.

எந்த வகை நல்லது?

கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ண வகை டிராக்டருக்கு உதவாது. அது பிடிக்க வழவழப்பான, தூசியற்ற பரப்பு வேண்டும். வெயிலில் ரப்பர் இளகிப் பிடி விட்டுவிடும். காந்தத்தால் பிடிக்கும் வகையும் மேடுபள்ளத்தில் குலுங்கும்போது போனை நழுவ விடும். ஒட்டுத் துணி, பசை நாடா ஆகியவை டீசலும் எண்ணெயும் பட்டால் கழன்றுவிடும்.

குழாயைச் சுற்றிப் பிடித்து, போல்டால் முடுக்கும் இரும்பு அல்லது அலுமினியக் கிளாம்பு உள்ள வகையே ஏற்றது. வாங்கும் முன் டிராக்டர் கூரையைத் தாங்கும் குழாயின் சுற்றளவை நூலால் அளந்து கடைக்குக் கொண்டு போக வேண்டும். குழாய்க்கும் கிளாம்புக்கும் இடையே பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றினால் வழுக்காது. அதிர்வும் சற்றுக் குறையும்.

போனைப் பிடிக்கும் பகுதி நான்கு மூலைகளையும் கவ்வ வேண்டும். இரண்டு பக்கம் மட்டும் அழுத்திப் பிடிக்கும் வகையில் போன் மேலே எகிறிவிடும். போல்ட்டுகளுக்கு நைலான் வளையம் உள்ள நட் போடுவது அவசியம். சாதாரண நட் அதிர்வில் தானே கழலும்.

கை நீளம் குறையட்டும்

மண்வெட்டிக் காம்பு நீண்டால் கையில் விழும் பாரம் கூடுவதை எல்லோரும் அறிவர். ஸ்டாண்டுக்கும் இதே கணக்குதான். ஓர் அடி நீளக் கையில் போனை மாட்டினால், அரை அடிக் கையைப்போல் இரண்டு மடங்கு பளு மூட்டில் விழும். வளையும் நீண்ட கழுத்துள்ள வகை பார்க்க வசதியாக இருக்கும். வயலில் அது நாற்றுபோல ஆடும். கை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

அதிர்வு போனின் கேமராவையும் கெடுக்கும். படம் ஆடாமல் இருக்கச் சில போன்களில் கேமராவுக்குள் நுண்ணிய அசையும் பாகங்கள் உண்டு. மோட்டார் சைக்கிளின் பலத்த அதிர்வு இந்தப் பாகங்களைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2021-ல் எச்சரித்தது. டிராக்டர், பவர் டில்லர் வைத்திருப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். பவர் டில்லரின் கைப்பிடியில் போன் மாட்டாமல் இருப்பதே மேல்.

ஸ்டாண்டு நல்லதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. போனை மாட்டி, வண்டியை நிறுத்திய நிலையில் என்ஜினை மெதுவாகவும், பிறகு உழவு வேகத்திலும் ஓட விட வேண்டும். திரையில் உள்ள எழுத்து இரண்டாகத் தெரிந்தால் அதிர்வு அதிகம். கையைக் குட்டையாக்கி, அல்லது இடத்தை மாற்றி மீண்டும் பார்க்க வேண்டும். முதல் நாள் வேலை முடிந்ததும் எல்லா நட்டுகளையும் ஒரு முறை முடுக்குவது நல்லது.

எங்கே பொருத்துவது?

ஸ்டீயரிங் சுற்றும்போது கை இடிக்காத இடமாகவும், முன் சக்கரத்தையும் பின் கருவியையும் மறைக்காத இடமாகவும் இருக்க வேண்டும். கியர், ஹைட்ராலிக், பி.டி.ஓ. லீவர்களுக்கு அருகில் கூடாது. சைலன்சர் பக்கமும் கூடாது. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தில் துளை போடுவதோ வெல்டிங் வைப்பதோ அறவே கூடாது. சட்டம் பலம் குறைந்துவிடும். அங்கே கிளாம்பு மட்டும் போடலாம்.

சார்ஜர் இணைப்பு

ஹெட்லைட் ஒயரைச் சீவி, அதில் சார்ஜர் ஒயரை முறுக்கிவிடும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. அதிர்வில் ஒயர் தோல் உரசித் தேய்ந்து இரும்பில் பட்டால், பியூஸ் இல்லாத ஒயர் பழுத்துத் தீப்பிடிக்கும். வைக்கோலும் டீசலும் உள்ள இடத்தில் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

18 வாட் சார்ஜர் 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 2 ஆம்பியர்தான் இழுக்கும். அதற்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். சாவியை அணைத்தால் மின்சாரம் நிற்கும்படி இணைப்புக் கொடுக்க வேண்டும். 12 முதல் 24 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியுள்ள சார்ஜரே ஏற்றது. ஒயர் தொங்கி பி.டி.ஓ. தண்டில் சுற்றாதபடி குழாயோடு கட்டிவிட வேண்டும்.

வெயில்

ஆப்பிள், சாம்சங் போன்ற நிறுவனங்கள் தங்கள் போன்களை 35 டிகிரி செல்சியஸ் வரையே பயன்படுத்தச் சொல்கின்றன. நம் ஊர்ச் சித்திரை வெயில் அதைத் தாண்டும். கூரை நிழலில் ஸ்டாண்டை அமைத்து, போன் சுட்டால் சார்ஜ் போடுவதை நிறுத்த வேண்டும். முதுகு உப்பிய போனை உடனே பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

மடிக்கணினி வைப்போர் கவனத்துக்கு

சரக்கு வண்டியில் கொள்முதல் கணக்கு எழுத மடிக்கணினி வைப்போரும் உண்டு. அதன் எடை சுமார் 2 கிலோ. 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதினால், கட்டாமல் வைத்த மடிக்கணினி 20 அடி உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்தில் பாயும். ஆகவே தரையில் போல்ட் போட்ட தாங்கியும், மேலே பெல்ட்டும் வேண்டும். இருக்கையின் போல்ட்டைப் பயன்படுத்துவதானால் மெக்கானிக்கைக் கொண்டே செய்ய வேண்டும். காற்றுப்பை விரியும் இடத்தில் தாங்கி இருக்கக் கூடாது. சுழலும் தட்டு உள்ள பழைய மடிக்கணினியை வண்டி ஓடும்போது அணைத்து வைக்க வேண்டும். இல்லையேல் பதிவுகள் அழியலாம்.

சாலையில் ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பது சட்டப்படி குற்றம். 2020-ல் வந்த விதித் திருத்தம், கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டுமே இடம் தருகிறது. எவ்வளவு நல்ல ஸ்டாண்டானாலும் அது போனைத்தான் காக்கும். ஓட்டுநரைக் காப்பது அவர் கவனம். அழைப்பு வந்தால் வரப்போரம் வண்டியை நிறுத்தி, பி.டி.ஓ.வை விடுவித்து, பிறகு பேசுவதே முறை.