ஆறுக்கு ஆறில் அடங்காத கட்டைகள்

தர்மபுரியில் சித்தி வீட்டில் விடுமுறை நாளென்றால், சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்துவிடுவார்கள். முன்பெல்லாம் தாயம், பல்லாங்குழி. இப்போது துணிப்பையிலிருந்து சதுரக் கட்டைகள் கொட்டுகின்றன. மரப்பட்டறையில் கழித்துப்போட்ட துண்டுகளை வாங்கிவந்து, உப்புத்தாளால் தேய்த்துப் பிள்ளைகளே பெயின்ட் அடித்தவை. கட்டைக்கு ஒரு வடிவம், அதற்கு ஒரு நிறம். வடிவங்கள் ஆறு, நிறங்கள் ஆறு. ஆக 36 வகை. வகைக்கு மூன்று வீதம் மொத்தம் 108 கட்டைகள்.

ஆட்டத்தின் பெயர் குவர்க்கிள். அமெரிக்காவின் சூசன் மெக்கின்லி ராஸ் வடிவமைத்து 2006-இல் வெளிவந்தது. 2011-இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ விருதைப் பெற்றது. ஆளுக்கு ஆறு கட்டைகள். ஒரு வரிசையில் நிறம் ஒன்றாக இருந்தால் வடிவங்கள் எல்லாம் வெவ்வேறாக இருக்க வேண்டும். வடிவம் ஒன்றாக இருந்தால் நிறங்கள் வெவ்வேறாக இருக்க வேண்டும். வரிசையில் எத்தனை கட்டையோ அத்தனை புள்ளி. ஆறும் நிரம்பினால் கூடுதலாக ஆறு புள்ளி.

இதில் எழுத்துமில்லை, பெரிய கணக்குமில்லை. அதனால் ஒன்றாம் வகுப்புப் பேத்திக்கும் ஆயாவுக்கும் ஒரே பாயில் சரிசமமாக இடம் கிடைக்கிறது. ஆனால் வீட்டின் மூன்று வயதுக் குட்டி மட்டும் நிறத்தைப் பிடித்தால் நிறத்தையே பிடித்துக்கொண்டிருப்பான். “இப்ப வடிவத்தைப் பாருடா” என்றால் தலையாட்டிவிட்டு மறுபடியும் சிவப்போடு சிவப்பை வைப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது. உளவியலாளர் பிலிப் டேவிட் செலாசோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990-களில் இதைச் சோதித்தார்கள். பட அட்டைகளை முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்லி, பிறகு வடிவப்படி பிரிக்கச் சொன்னார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பழைய விதியிலேயே நின்றுவிட்டார்கள். புதிய விதி என்னவென்று கேட்டால் வாயால் சரியாகச் சொன்னார்கள். கை மட்டும் மாறவில்லை. நான்கு, ஐந்து வயதில்தான் ஒரு பொருளையே இரண்டு விதமாகப் பார்த்து, வேண்டும்போது பார்வையை மாற்றும் திறன் படிகிறது. இந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் கேட்பது அந்தத் திறனைத்தான்.

இனி பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் ஆட்டம் முடிந்த பிறகு பெரிய பையன் கேட்டான்: “வகைக்கு ஒண்ணா 36 கட்டையையும் எடுத்து, ஆறுக்கு ஆறு சதுரமா அடுக்கலாமா? குறுக்கே பாத்தாலும் நெடுக்கே பாத்தாலும் நிறமும் திரும்ப வரக்கூடாது, வடிவமும் திரும்ப வரக்கூடாது.”

“அடுக்கிப் பாரு கண்ணு, வராமயா போயிடும்” என்றார் ஆயா.

இதே கேள்விதான் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில், பார்வை ஏறக்குறைய முழுவதுமாகப் போயிருந்த கணித மேதை லியோனார்ட் ஆய்லரையும் வாட்டியது. 1779-இல் அங்கிருந்த அறிவியல் கழகத்தில் அவர் இதைப் பற்றிப் பேசினார். கட்டுரை 1782-இல் அச்சானது. ஆறு படைப்பிரிவுகள், ஆறு பதவிகள், 36 அதிகாரிகள் என்று கேள்வியை வைத்தார். படைப்பிரிவு நிறம், பதவி வடிவம் என்று எடுத்துக்கொண்டால் நம் கட்டைகள்தான்.

சிறிய சதுரத்தில் தொடங்கினால் விஷயம் பிடிபடும். மூன்று நிறம், மூன்று வடிவம், ஒன்பது கட்டைகள். முதல் வரிசையில் சிவப்பு வட்டம், பச்சைச் சதுரம், மஞ்சள் முக்கோணம். அடுத்த வரிசைக்கு வடிவங்களை ஓரிடம் வலப்பக்கமும் நிறங்களை ஓரிடம் இடப்பக்கமும் நகர்த்துங்கள். ஓரத்தில் வழிவது மறுகோடியில் வந்து சேரட்டும். பச்சை முக்கோணம், மஞ்சள் வட்டம், சிவப்புச் சதுரம் என்று வரும். இன்னொரு முறை நகர்த்தினால் மஞ்சள் சதுரம், சிவப்பு முக்கோணம், பச்சை வட்டம். ஒன்பதும் வேறு வேறு. எந்த வரிசையிலும் எதுவும் திரும்பவில்லை. இதே வழி ஐந்துக்கும் ஏழுக்கும் எல்லா ஒற்றைப்படை எண்களுக்கும் பலிக்கும்.

ஆறில் இப்படிச் செய்தால் நான்காம் வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள். அதற்குள் வடிவம் மூன்றிடம் வலப்பக்கமும் நிறம் மூன்றிடம் இடப்பக்கமும் போயிருக்கும். ஆறு இடங்களில் வலப்பக்கம் மூன்று போனாலும் இடப்பக்கம் மூன்று போனாலும் சேருமிடம் ஒன்றே. அதனால் முதல் வரிசைக் கட்டைகளே மறுபடி வந்து நிற்கும். நான்குக்கும் இந்த வழி உதவாது. ஆனால் நான்குக்கு வேறு வழி உண்டு. ஆறுக்கு அந்த வேறு வழியும் இல்லை. முடியாது என்றே ஆய்லர் நம்பினார். 6, 10, 14, 18 என்று போகும் எல்லா எண்களுக்கும் முடியாது என்றும் ஊகித்தார். ஆறைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. அல்ஜீரியாவில் அரசு அலுவலராக இருந்த கஸ்தோன் தாரி 1901-இல் அதை நிறுவினார். நிறத்தை மட்டும் கருதி ஆறுக்கு ஆறு அடுக்குகளின் அடிப்படை வகைகளைக் கணக்கிட்டால் 9,408 வரும். அவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து, கணினி இல்லாத காலத்தில் கையாலேயே அலசித் தீர்த்தார்.

பத்து விஷயத்தில் ஆய்லர் சறுக்கினார். அதைக் காட்டியவர்களில் இருவர் நம் நாட்டவர். ராஜ் சந்திர போஸும் சரத்சந்திர சங்கர் ஸ்ரீகண்டேயும் 22-க்கு ஒரு சதுரத்தை அமைத்தார்கள்; அமெரிக்கர் எர்னஸ்ட் பார்க்கர் பத்துக்கு அமைத்தார். பிறகு மூவரும் சேர்ந்து, 6 நீங்கலாக ஆய்லர் ‘முடியாது’ என்ற எல்லா எண்களுக்கும் முடியும் என்று நிறுவினார்கள். 1959 ஏப்ரல் 26 அன்று இந்தச் செய்தி நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தது. ஸ்ரீகண்டே 102 வயது வரை வாழ்ந்து 2020-இல் மறைந்தார். இத்தனை பெரிய சாதனையாளரின் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளின் காதில் விழுவதே இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

போஸ் இந்தத் துறைக்கு வந்ததில் வயலுக்கும் பங்குண்டு. தர்மபுரிப் பக்கம் மேட்டுநிலம் ஒருபுறம் சரிந்திருக்கும். இன்னொரு திசையில் மண்ணின் வளம் மாறும். ஆறு கேழ்வரகு ரகங்களை ஒப்பிட ரகத்துக்கொரு பாத்தி கொடுத்தால், விளைச்சல் ரகத்தால் கூடியதா மண்ணால் கூடியதா என்று சொல்ல முடியாது. நிலத்தை ஆறுக்கு ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு ரகமும் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை வரும்படி விதைத்தால் சரிவும் மண்ணும் எல்லா ரகங்களுக்கும் சமமாகப் பங்காகிவிடும். இங்கிலாந்தில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் வேளாண் சோதனைகளில் நிலைநாட்டிய முறை இது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் போஸ் இத்தகைய சோதனைகளின் கணிதத்தில்தான் கைதேர்ந்தார்.

கதை அடுத்துச் சென்னைக்கு வருகிறது. ஐஐடி மெட்ராஸ் இயற்பியல் பேராசிரியர் அருள் லக்ஷ்மிநாராயண், அங்கே ஆய்வு மாணவராக இருந்த சுஹைல் அகமது ராதர், போலந்தின் கரோல் ஜிச்கோவ்ஸ்கி முதலான அறுவர் குழு 36 அதிகாரிகளுக்குக் குவாண்டம் உலகில் விடை கண்டுபிடித்தது. 2022-இல் பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழ் அதை வெளியிட்டது. குவாண்டம் உலகில் ஒரு கட்டத்தில் ஒரே கட்டைதான் நிற்க வேண்டும் என்பதில்லை. பல கட்டைகள் குறிப்பிட்ட அளவில் கலந்த ஒரு நிலை நிற்கலாம். அந்தக் கலவையில் நிறமும் வடிவமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். விதியும் இந்தக் கலவைகளுக்கு ஏற்ப மாறுகிறது. ஓரளவு சரியாக அடுக்கிய சாதாரணச் சதுரத்தைக் கணினிக்குக் கொடுத்து, அதைப் படிப்படியாகத் திருத்தித் திருத்தி விடையை எட்டினார்கள். அந்த விடையில் ஆறு வடிவங்களும் மூன்று சோடிகளாகவும், ஆறு நிறங்களும் மூன்று சோடிகளாகவும் பிரிந்து கலக்கின்றன. கலவையின் அளவுகளில் தங்க விகிதம் தலைகாட்டுகிறது. குவாண்டம் கணினியில் பிழை திருத்தும் முறைகளுக்கு இத்தகைய நிலைகள் உதவும்.

பாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. வகைக்கு மூன்று கட்டைகள் இருப்பதால் இரட்டைகளை அனுமதித்து அடுக்கலாம். குறுக்கும் நெடுக்கும் நிறமும் வடிவமும் திரும்பாமல், 36 இடங்களில் அதிகபட்சம் எத்தனை வெவ்வேறு கட்டைகளை வைக்க முடியும்? 36 முடியாது, 35-ம் முடியாது. 34 முடியும், இரண்டு இடங்களில் மட்டும் ஏற்கெனவே வந்த வகை மறுபடி வரும். சரியாக 32 வரும்படியும் அடுக்கலாம். இடையிலுள்ள 33 மட்டும் எப்படி முயன்றாலும் வராது.