அம்பின் எடையும் வில்லின் ஆயுளும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் திருப்பெரும்புதூர் அமைந்துள்ளது. வைணவப் பெரியாராகிய இராமாநுசர் பிறந்த ஊர் இதுவே. இங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயிலை நோக்கிச் செல்லும் சாலையில் ஒரகடம் உள்ளது. ஏரிகளும் வயல்களுமாக விளங்கிய இந்நிலப்பகுதி, இன்று நாட்டின் பெரிய வண்டித் தொழிற்களங்களுள் ஒன்றாகத் திகழ்கிறது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனால்ட், நிசான் ஆகியவற்றின் கூட்டுத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் அங்குச் செய்யப்படலாயின.

இத்தகைய தொழிற்சாலைகளில் ஒரு சிறு திருகாணியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. முறுக்கு குறைந்தால், வண்டியின் அதிர்வில் திருகாணி கழன்றுவிடும். மிகுந்தால் அதன் மரை கெடும். சுமையும் பொருத்தமும் அளவோடு அமைந்தால் பொறி நெடுநாள் உழைக்கும். அளவு தவறினால் பொறி தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும். தொழிலாளர் நாள்தோறும் கைக்கொள்ளும் இவ்வுண்மை கார்களுக்கு மட்டும் உரியதன்று. மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கண்ட பொறிகளுள் ஒன்றாகிய வில்லுக்கும் அது பொருந்தும்.

தமிழர்க்கு வில் புதியதன்று. கொல்லிமலையை ஆண்ட ஓரி, வில்லாற்றலால் 'வல்வில் ஓரி' எனப் பெயர் பெற்றான். அவன் எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்தது எனப் புறநானூறு போற்றுகிறது. அவன் பெயரால் கொல்லிமலையில் ஆடித் திங்களில் எடுக்கப்படும் விழாவில் இன்றும் விற்போட்டிகள் நடைபெறுகின்றன.

ஓரியின் காலத்து வில்லுக்குத் தண்டும் நாணும் போதும். இன்று போட்டிகளில் வழங்கும் காம்பவுண்டு வில் என்னும் கூட்டு வில்லோ பல உறுப்புகளை உடைய பொறியாகும். அமெரிக்க நாட்டின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் இதனை உருவாக்கி, 1966ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969ஆம் ஆண்டில் உரிமை கிடைத்தது. உலோகத்தாலான நடுப்பிடியின் மேலும் கீழும் வளைந்து கொடுக்கும் பட்டைகள் உண்டு. அப்பட்டைகளின் முனைகளில் மையம் விலகிய கப்பிகள் சுழல்கின்றன. நாணும் வடங்களும் அக்கப்பிகளைச் சுற்றிச் செல்கின்றன.

கிணற்றில் நீர் இறைக்க உதவும் கப்பி வட்டமானது. அதன் மையம் நடுவில் இருக்கும். கூட்டு வில்லின் கப்பியோ அவ்வாறன்று. நாணை இழுக்க இழுக்க அதன் நெம்பு மாறுகிறது. ஆதலால் நாணை முழுதும் இழுத்து நிற்கும்போது கையில் தாங்கும் சுமை பெரிதும் குறைகிறது. 60 பவுண்டு இழுவிசையுள்ள வில்லில் 80 விழுக்காடு சுமை தளருமாயின், வீரன் 12 பவுண்டு சுமையை மட்டும் தாங்கிக்கொண்டு அமைதியாகக் குறி பார்க்கலாம்.

இவ்வில்லில் துணைக் கருவிகள் பல பொருத்தப்படுகின்றன. குறி பார்க்கும் கருவி, அம்பைத் தாங்கும் சிறு தாங்கி, வில் ஆடாமல் காக்கும் சமநிலைத் தண்டு, பார்வையை நேர்ப்படுத்த நாணில் செருகப்படும் சிறு வளையம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. வடங்களை அம்பின் வழியிலிருந்து ஒதுக்கிப் பிடிக்கும் தண்டும் ஒன்று உண்டு. இவற்றுட் பலவும் சிறு திருகாணிகளாலேயே நிலைபெறுகின்றன. இக்கருவிகள் சில வில்களில் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. வேறு சில வில்களில் சில திங்களிலேயே தளர்ந்தும் தேய்ந்தும் போகின்றன. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

வில்லை இழுப்பவன் செலவிடும் உழைப்பு, வளைந்த பட்டைகளில் ஆற்றலாகச் சேமிக்கப்படுகிறது. நாணை விட்டதும் அவ்வாற்றல் வெளிப்படுகிறது. ஆனால் அது முழுவதும் அம்பைச் சேர்வதில்லை. நாண் விரைகிறது, கப்பிகள் சுழல்கின்றன, பட்டைகள் நிமிர்கின்றன. இவற்றை அசைக்கவும் ஆற்றல் வேண்டும். அம்பு நாணைவிட்டு நீங்கிய பின்னர், இவ்வுறுப்புகளில் எஞ்சிய ஆற்றல் அம்போடு செல்ல இயலாது. அது வில்லிலேயே தங்கி, அதிர்வாகவும் ஓசையாகவும் வெப்பமாகவும் மாறித் தணிகிறது. வில்லின் துணைக் கருவிகளை அலைக்கழிப்பது இந்த எச்சமே.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு வில்லில் 100 ஜூல் ஆற்றல் சேமிக்கப்படுகிறது என்று கொள்க. நாண், கப்பி, பட்டை ஆகியவற்றின் அசைவு, அம்போடு சேர்ந்து விரையும் 5 கிராம் எடைக்கு ஒப்பானது என்றும் கொள்க. அம்பு 20 கிராம் எடையுள்ளதாயின், மொத்தம் 25 கிராமில் அம்பின் பங்கு ஐந்தில் நான்கு ஆகும். ஆகவே அம்பு 80 ஜூலைக் கொண்டு செல்லும். 20 ஜூல் வில்லில் எஞ்சும். அம்பு 15 கிராமாயின் 75 ஜூல் அம்பைச் சேரும்; 25 ஜூல் எஞ்சும். அம்பு 30 கிராமாயின் ஏறத்தாழ 86 ஜூல் அம்பைச் சேரும். 14 ஜூல் மட்டுமே எஞ்சும்.

எடை குறைந்த அம்பு மிக விரைந்து செல்லும் என்பது உண்மையே. மேற்கண்ட கணக்கின்படி 15 கிராம் அம்பு நொடிக்கு 100 மீட்டரும், 20 கிராம் அம்பு ஏறத்தாழ 89 மீட்டரும், 30 கிராம் அம்பு ஏறத்தாழ 76 மீட்டரும் செல்லும். இந்த விரைவைக் கண்டு மயங்கி, மிக மெல்லிய அம்பை நாடுவோர் உளர். அவ்விரைவுக்கு உரிய விலையை வில் செலுத்துகிறது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. கூட்டு வில் போட்டியின் தகுதிச் சுற்றில் ஒருவர் 72 அம்புகளை எய்ய வேண்டும். அம்புக்கு 25 ஜூல் வீதம் எஞ்சினால், அச்சுற்று முடிவதற்குள் 1,800 ஜூல் ஆற்றல் வில்லை உலுக்கியிருக்கும். 14 ஜூல் வீதமாயின் அது ஏறத்தாழ 1,000 ஜூலாகக் குறையும். பயிற்சிக் காலத்தில் எய்யப்படும் அம்புகளையும் சேர்த்து எண்ணினால் இவ்வேறுபாட்டின் பெருமை விளங்கும்.

அதிர்வு முதலில் திருகாணிகளைத் தளர்த்துகிறது. குறி பார்க்கும் கருவி மயிரிழை அளவு நகர்ந்தாலும், 50 மீட்டருக்கு அப்பால் அம்பு இலக்கின் நடுவை விட்டு விலகும். வீரன் தன் கையில் பிழை இருப்பதாக எண்ணி வருந்துவான். பிழையோ தளர்ந்த திருகாணியில் இருக்கும். அம்புத் தாங்கியின் மெல்லிய தகடு நாளடைவில் களைத்து முறிவதும் உண்டு. அதிர்வைத் தணிக்கும் இரப்பர் உறுப்புகள் வெடித்துப் போகும். நாணின் நடுவில் சுற்றப்பட்டுள்ள காப்பு நூல் பிரியும்.

அம்பே இல்லாமல் நாணை இழுத்து விட்டால் நிகழ்வது யாது? அப்பொழுது ஆற்றலைக் கொண்டு செல்ல எதுவும் இல்லை. 100 ஜூலும் வில்லின்மீதே பாயும். நாண் அறுந்து போகலாம், கப்பி வளையலாம், பட்டை பிளந்து சிதறலாம். எய்தவனும் அருகில் நிற்பவரும் காயமடைய நேரும். இதனாலேயே பயிற்சிக் களங்களில், 'வெறும் நாணை விடாதே' என்பது முதல் விதிகளுள் ஒன்றாகக் கற்பிக்கப்படுகிறது. மிக மெல்லிய அம்பை எய்வது, அவ்வெறும் நாணை விடுவதற்கு அண்மையில் உள்ள செயலாகும்.

ஆகவே அம்பின் எடைக்குக் கீழெல்லை ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. அம்பின் எடையைக் கிரெயின் என்னும் சிற்றளவால் அளப்பர். 7,000 கிரெயின் ஒரு பவுண்டாகும். இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெயினுக்குக் குறையாத எடை அம்புக்கு இருத்தல் வேண்டும் என்பது பொதுவாக வழங்கும் அளவு. 60 பவுண்டு வில்லுக்கு இது 300 கிரெயின். அதாவது ஏறத்தாழ 19.4 கிராம். வில்லைச் செய்தவர் வேறு அளவைக் குறித்திருந்தால் அதனையே கொள்ளுதல் வேண்டும்.

அவ்வாறாயின் அம்பின் எடையை மேன்மேலும் கூட்டலாமா? அதுவும் தக்கதன்று. எடை மிகுந்தால் விரைவு குறையும். அம்பு தாழ்ந்து விழும். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிடினும், நொடிக்கு 100 மீட்டர் செல்லும் அம்பு 50 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 1.2 மீட்டர் தாழும். 76 மீட்டர் செல்லும் அம்போ 2.1 மீட்டர் தாழும். வில்லைக் காக்கும் எடையும் குறியை எய்தும் விரைவும் ஒன்றையொன்று கெடுக்காத நடுநிலையே சிறந்தது.

எடை சரியாக இருந்தும் பொருத்தம் தவறினால் பயனில்லை. மேற்கப்பியும் கீழ்க்கப்பியும் ஒரே நேரத்தில் சுழன்று நிற்க வேண்டும். ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால், அம்பின் வால் மேலும் கீழும் ஆடும்; அதன் இறகுகள் தாங்கியில் உராயும்; தாங்கியும் இறகும் ஒருங்கே தேயும். அம்பின் அடியிலுள்ள பிளவு நாணை இறுகக் கவ்வினால் காப்பு நூல் தேயும். அது தளர்ந்திருந்தால், நாணை இழுக்கும்போதே அம்பு நழுவி, வெறும் நாணை விட்ட கேடு நேரும். வில்லின் விசைக்கு ஏற்ற விறைப்பு அம்புக்கு இல்லாவிட்டால் அது அளவுக்கு மிஞ்சி வளைந்து செல்லும். அப்பொழுதும் தாங்கியே அடிபடும்.

நம் நாட்டு வெப்பமும் கருதத்தக்கது. கோடைக்காலத்தில் கதவுகளை மூடி வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை வைத்தல் ஆகாது. வெப்பத்தில் நாணும் வடங்களும் நீண்டு, கப்பிகளின் ஒழுங்கு கெடும். ஒட்டப்பட்ட உறுப்புகளும் வலுவிழக்கும். நாணுக்கு உரிய மெழுகை அவ்வப்போது பூசுதலும், எய்வதற்கு முன் திருகாணிகளையும் நாணையும் பட்டைகளையும் பார்வையிடுதலும் நல்ல வீரர்தம் வழக்கமாகும். அம்பைக் கையால் மெல்ல வளைத்து, வெடிப்பு உண்டா என்று பார்த்த பின்னரே நாணில் ஏற்றுதல் வேண்டும்.

ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில், வண்டிகளைச் சோதனைத் தடங்களில் ஓட்டி ஆராய்கின்றனர். சாலைக்கு வருமுன்னரே குறை காணப்படுமாயின் உயிர்கள் காக்கப்படும் என்பதே இதன் நோக்கம். சக்கரங்களின் நேர்மை சற்றே பிறழ்ந்தாலும் புதிய டயர் ஒரு பக்கமாகத் தேய்வதை வண்டி ஓட்டுவோர் அறிவர். குற்றம் டயரில் இல்லை, பொருத்தத்தில் உள்ளது. தேய்ந்த அம்புத் தாங்கியும் அத்தகையதே. அதனை மாற்றுவதோடு நில்லாமல், தேய்வுக்குக் காரணத்தையும் கண்டு நீக்குபவனே கருவியை அறிந்தவன் ஆவான்.

2023ஆம் ஆண்டில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், கூட்டு வில் பிரிவின் ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்திய வீரர்களும் வீராங்கனைகளுமே வென்றனர். 2028ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் கூட்டு வில்லின் கலப்பு இணைப் பிரிவும் இடம்பெறும் என அறிவிக்கப்பட்டுள்ளது. இனி இவ்வில்லைக் கையில் ஏந்தும் இளைஞர் பலர் ஆவர். அவர்கள் கண்ணையும் கையையும் பயிற்றுவதோடு, கருவியின் இயல்பையும் கற்றல் வேண்டும். தனக்கு ஏற்ற எடையுள்ள அம்பைப் பெற்ற வில், தன் ஆற்றலை அம்புக்கு அளித்து அமைதி பெறும். அத்தகைய அம்பைப் பெறாத வில், அவ்வாற்றலாலேயே அழியும்.