குடலிலேயே குடியிருக்கும் காவல்

பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு வயிற்றோட்டம் மறுபடி வந்தபோது முதல் தடவை மாதிரி வாட்டவில்லையாம். ‘வயிறு பழகிப்போச்சு’ என்று மாமியார் சொல்வது சரிதானா என்று கேட்கிறார். பாதி சரி.

முதல் தொற்று அடங்கியதும், கிருமியோடு மல்லுக்கட்டிய டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் பெரும்பாலானவை மடிந்துபோகும். மிஞ்சியவற்றில் ஒரு கூட்டம் இரத்தத்துக்குத் திரும்பாமல் குடல் சுவரிலேயே தங்கிவிடும். தோட்டத்தில் திருடன் புகுந்தால் டவுனிலிருந்து போலீஸ் வந்து சேர நேரமாகும். லயத்திலேயே குடியிருக்கும் ஜாகா அந்த நிமிடமே விசிலடிப்பார். இந்தச் செல்களின் வேலையும் அதுதான். இவற்றில் பல, சிடி103 என்ற புரதத்தால் குடலின் உட்படலத்தைப் பற்றிக்கொண்டிருக்கும். பழைய கிருமி தட்டுப்பட்டால் இன்டர்ஃபெரானைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். தொற்றிய செல்லைக் கொல்லவும் செய்யும். குடலில் ஊறும் ஐஜிஏ எதிர்பொருளும் இவற்றுக்குத் துணை.

இவை எவ்வளவு காலம் அங்கேயே இருக்கும்? ஆஸ்லோவில் கிடைத்த விடையைப் படித்து எனக்கு வியப்பு இன்னும் அடங்கவில்லை. நீரிழிவு முற்றியவர்களுக்குக் கணையம் மாற்றும்போது, இறந்த கொடையாளரின் முன்சிறுகுடல் துண்டையும் சேர்த்தே வைத்துத் தைக்கிறார்கள். பிற்பாடு எண்டோஸ்கோப்பியில் அந்தத் துண்டிலிருந்து துளித் துளியாகக் கிள்ளியெடுத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. ஓராண்டு கழிந்தும் அங்கே தங்கியிருந்த சிடி8 வகை நினைவு டி செல்களில் பெரும்பகுதி கொடையாளருடையவையே! சுற்றி ஓடும் இரத்தம் வேறொருவருடையது. இறந்தவர் என்றைக்கோ சந்தித்த கிருமிகளை நினைவில் வைத்துக்கொண்டு, அவருடைய செல்கள் முன்பின் தெரியாத ஒருவர் வயிற்றில் காவல் இருக்கின்றன. சாதாரண இரத்தப் பரிசோதனையில் இவை அகப்படுவதும் இல்லை.

சரி, மாமியார் சொன்னதில் மீதிப் பாதி? இந்த நினைவு அந்தந்தக் கிருமிக்கு மட்டும்தான். ரோட்டாவைரஸைத் தெரிந்த செல்லுக்குக் காலராவைத் தெரியாது. ரோட்டாவிலேயே கூட ஒரு தடவை போதாது. வேலூர் சிஎம்சியில் ககன்தீப் காங் குழுவினர் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயதுவரை கவனித்து 2011இல் எழுதினார்கள். மூன்று முறை தொற்றிய பிறகும் மிதமான அல்லது கடும் நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 விழுக்காடுதான். மெக்சிகோவிலோ, 1996இல் வெளியான ஆய்வின்படி, இரண்டு தொற்றே முழுப் பாதுகாப்பு தந்திருந்தது.

அதனால்தான், அழுக்குத் தண்ணீர் குடித்தால் பிள்ளை கெட்டிப்படும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நம் தாத்தா பாட்டி காலத்து நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஆற்றுநீரும் கிணற்றுநீரும் குடித்துக் கெட்டிப்பட்டவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். சீதபேதியில் போன பிள்ளைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. தோட்ட வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நம்மவர்களில் பலர் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். இப்போது லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள். அவர்கள் குழாயில் என்ன வருகிறது என்று நாம் கேட்பதே இல்லை.

வாசகிக்கு: தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வயிற்றோட்டம் தொடங்கியதுமே ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம். வைரஸுக்கு அது கேட்காது. பிள்ளை சோர்ந்து கண் குழிவிழுந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அடுத்த பிள்ளை பிறந்தால், ரோட்டா சொட்டு மருந்தைப் பற்றி ஆறு வாரத்திலேயே டாக்டரிடம் கேளுங்கள்.