கம்பங்காடும் கோழிப்பண்ணையும்

நாமக்கல்லைச் சுற்றியுள்ள மேட்டாங்காடுகளில் விளைந்த கம்பும் சோளமும் ஒரு காலத்தில் வீட்டு அடுப்புக்கே போயின. மழையை நம்பிய பூமி இது. நெல்லுச்சோறு என்பது நோம்பிக்கும் விருந்தாளிக்கும்தான். மற்ற நாளெல்லாம் காலையில் கம்மங்கூழ், ராத்திரிக்கு ராகிக்களி. தொட்டுக்கொள்ளக் கொள்ளுப்பருப்போ தட்டப்பயறோ, காட்டில் தானாக முளைத்த பண்ணைக்கீரைக் கடைசலோ இருக்கும்.

இன்று அதே சாலைகளில் போனால் இருபுறமும் நீண்ட கொட்டகைகள், வரிசை வரிசையாகக் கோழிக் கூண்டுகள். வெளிமாநிலங்களிலிருந்து லாரி லாரியாக மக்காச்சோளம் வந்து தீவனமாக அரைபடுகிறது. தமிழ்நாட்டின் முட்டை விலை இந்த ஊரை வைத்தே பேசப்படுகிறது. வீடுகளில் மூன்று வேளையும் அரிசிதான்: காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை.

அந்தப் பழைய தட்டு உடம்புக்குள் என்ன செய்தது? தவிடு நீங்காத தானியத்தில் மாவுச்சத்தோடு நார்ச்சத்தும் சேர்ந்தே போகும். அதனால் மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகி ரத்தத்தில் கலப்பது மெதுவாக நடக்கும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமை ஒட்டியே இருக்கிறது. புரதத்திலும் ஒரு பொருத்தம் இருந்தது. நம் உடம்பு தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றில் லைசின் தானியத்தில் குறைவு, மெத்தியோனின் பயறில் குறைவு. ஒன்று குறைந்தாலும் தசை கட்டும் வேலை அந்த அளவோடு நின்றுவிடும். களியும் கொள்ளும் ஒரே தட்டில் வந்தபோது ஒன்றின் குறையை மற்றது நிரப்பியது.

ஆனாலும் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிடக் கூடாது. மழை பொய்த்த வருடம் கூழும் நீர்த்துப்போகும். பயறு தீர்ந்த வீட்டில் வெறும் களிதான். பாலும் கறியும் எட்டாத குடும்பங்களில் ரத்த அணுக்களுக்கும் நரம்புக்கும் வேண்டிய வைட்டமின் பி12 கிடைக்க வழியே இல்லை, ஏனென்றால் செடிகொடிகளில் அது கிடையாது. வளரும் பிள்ளைகளே அதிகம் இழந்தார்கள்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது முட்டை. 1982-ல் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அது படிப்படியாகக் கூடி, 2010-ல் வாரத்துக்கு ஐந்து ஆனது. அந்த முட்டைகளில் பெரும்பங்கு நாமக்கல் பண்ணைகளிலிருந்தே போகிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒன்பது அமினோ அமிலங்களும் சரியான அளவில், கூடவே பி12. கூலி வேலைக்குப் போகிறவரின் பிள்ளைக்கும் பள்ளி நாள்தோறும் அது கிடைக்கிறது என்றால், இந்த மாவட்டம் தமிழ்நாட்டுக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான்.

முட்டை வந்த அதே காலத்தில் சிறுதானியம் போய்விட்டது. கொல்லிமலையில் சிட்டன்சாமை, பெருஞ்சாமை, தினை விளைந்த சரிவுகளில் குச்சிக்கிழங்கு ஏறியது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி மில்கள் அதற்குக் காசு கொடுத்தன. சாமையை உரலில் குத்திப் புடைக்கும் பாடோ பெண்களின் தலையில் இருந்தது. அவர்கள் அதை விட்டதில் குற்றம் காண முடியாது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையில் சிறுதானியத்தை மீட்க முனைந்தபோது உமி நீக்கும் எந்திரங்களையும் சேர்த்துக் கொண்டுபோனது இதனால்தான். கீழே சமவெளியில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைத்தது. பசி போனது, அது சிறிய காரியமில்லை. ஆனால் தட்டு வெள்ளையாகிவிட்டது.

தீட்டிய அரிசியின் மாவுச்சத்து வேகமாகச் சர்க்கரையாகிறது. கல்லீரலும் தசையும் ஓரளவுதான் சேமிக்கும், மிச்சம் கொழுப்பாகிறது. ஏர் ஓட்டியும் கவலை இறைத்தும் செலவழித்த உடம்புகள் இன்று உட்கார்ந்து வேலை பார்க்கின்றன. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வயிறு நிறைந்தும் சத்துக் குறைகிறது.

இதை நாமக்கல் பண்ணைக்காரருக்கு விளக்கவே வேண்டாம். முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் எவ்வளவு, லைசின், மெத்தியோனின் எவ்வளவு, சுண்ணாம்புச்சத்து எவ்வளவு என்று கணக்குப் பார்த்தே அவர் கலக்குகிறார். ஒரு முட்டை ஓட்டுக்குக் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் வேண்டும். தீவனத்தில் குறைந்தால் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும். பிறகு நிற்கக் காலில் வலுவிருக்காது. மனித உடம்பும் அதே வழியில்தான் போகிறது. உணவில் கால்சியம் குறைந்தால் ரத்தத்தின் அளவைக் காக்க எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கோழிக்குப் பார்க்கும் அந்தக் கணக்கை வீட்டுத் தட்டுக்கும் பார்க்க வேண்டாமா?

கணக்கு எளியது. முட்டையில் நார்ச்சத்து இல்லை, வைட்டமின் சி இல்லை; கால்சியத்தின் பெரும்பகுதி நாம் எறியும் ஓட்டில் இருக்கிறது. அந்தக் கால்சியமும் நாரும் ராகியில் உண்டு. ராகியில் இல்லாத பி12-ம், அதில் குறைந்த லைசினும் முட்டையில் உண்டு. கீரையின் இரும்புச்சத்தை உடம்பு நன்றாக ஏற்க எலுமிச்சையோ நெல்லியோ உடன் வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும்.

தர்மபுரியில் 2023 முதல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். நாமக்கல்லுக்கும் அது வர வேண்டும். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இரவு தோசைக்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் களியும் கீரைக் கடைசலும் ஒரு முட்டையும் என்று வைத்துக்கொண்டால், முன்னோர் தட்டில் இல்லாததும் நம் தட்டிலிருந்து போனதும் ஒருசேரக் கிடைத்துவிடும். பாட்டிகளுக்குக் கிடைக்காத முட்டை இன்று நமக்குக் கைக்கெட்டும் விலையில் இருக்கிறது. அவர்கள் உண்ட களியை விட்டுவிட நமக்கு ஒரு காரணமும் இல்லை.